நிச்சயத்தட்டில் நாவல் பழம்

சர்க்கரை நோய் பழகிப்போனவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். புதிதாக வந்தவனால்தான் ஊருக்கு ஆபத்து. ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிய வாரமே அவன் பாதி டாக்டர் ஆகிவிடுவான். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஜாங்கிரியைத் தொட்டால் கையைப் பிடித்துத் தடுப்பான்.

நான் அப்படித் தடுத்தவன். (தடுக்கப்பட்டவர் ஒன்றிரண்டு பேர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.)

வடக்கனந்தலில் எங்கள் நிலத்தில் விளைவது கரும்பு. கரும்பு போட்டுத்தான் அப்பா எங்களை வளர்த்தார். கள்ளக்குறிச்சியில் நான் வைத்திருப்பது உரக்கடை. கரும்பு வீட்டில் பிறந்து, பூச்சிமருந்து விற்றுச் சம்பாதித்துக்கொண்டு, "இயற்கைக்குத் திரும்புங்கள்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்தேன். யூரியா வாங்க வந்தவர்கள் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டார்கள்.

டாக்டர் என்னிடம் சொன்னது எளிமையான விஷயம். மாத்திரையை விடக்கூடாது, தினமும் நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், நாவல், கொய்யா மாதிரி பழங்களை அளவாகச் சாப்பிடலாம். இதில் பழம் என்ற சொல் மட்டும் என் காதில் ஏறியது. மிச்சத்தை வாட்ஸ்அப் சொல்லிக்கொடுத்தது. நாவல் கொட்டையைக் காயவைத்து அரைத்துத் தின்றால் சர்க்கரை ஓடிவிடும், பலாக்காய் தின்றால் திரும்பிவராது, அத்திப்பழம் தின்றால் வந்த சுவடே இருக்காது. எல்லாவற்றையும் நம்பினேன். மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். அந்தப் பாதியையும் பல நாள் மறந்தேன்.

இந்தப் பைத்தியம் உச்சத்தில் இருந்தபோதுதான் என் தங்கை கவிதாவுக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை சங்கராபுரத்துப் பையன், பள்ளிக்கூட ஆசிரியர். கவிதாவுக்கு ரொம்பப் பிடித்துப்போன வரன். அதற்குமுன் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு குறை சொல்லிப் போயிருந்தார்கள். இந்த இடம் தவறினால் இனி வராது என்று அம்மா சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் தட்டுகளுக்கு நாங்கள் எதிர்த்தட்டு வைக்க வேண்டும். தாம்பூலம் மாற்றியதும் சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். தட்டு வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

நிச்சயத்துக்கு முதல் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். ஆனி மாதம். கரியாலூர் அருவிக்குப் போகிற ரோட்டோரம் நாவல் பழம் குவித்து வைத்திருந்த ஒரு அம்மாளிடம், இது சர்க்கரைக்கு நல்லதுதானே என்று கேட்டேன்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு வேணும்?"

"சக்கரைக்குத்தான்."

"அதுக்கு நல்லதுங்க."

"மூட்டுவலிக்கு?"

"அதுக்கும் நல்லதுங்க. எவ்ளோ போடட்டும்?"

இதைவிட உறுதியான சான்று எனக்குத் தேவைப்படவில்லை. நாவல், அத்தி, செங்காயான கொய்யா, ஒரு பலாக்காய் எல்லாம் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் காலையில் அம்மா தட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது? நல்ல காரியத்துல கருப்பா வெச்சிக்கினு கீற?"

"கருப்பு இல்லம்மா, ஊதா."

"வாழப்பழம் எங்க? மாம்பழம் எங்க?"

"அதெல்லாம் விஷம்."

அம்மா அப்பாவைக் கூப்பிடப் போனாள். அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. வெள்ளிக் கிண்ணத்தில் இருந்த சர்க்கரையை அவசரமாகக் கொட்டிவிட்டு, எனக்காக அரைத்து வைத்திருந்த நாவல் கொட்டைத் தூளை நிரப்பினேன். யாராவது என்ன இது என்று கேட்பார்கள், பிரசங்கம் செய்யலாம் என்பது என் திட்டம். வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களிலேயே இதைப் பற்றித்தான் யாரிடமும் கலந்து பேசவில்லை.

ஒருவரும் கேட்கவில்லை. தாம்பூலம் மாற்றியாயிற்று. பழுப்பு நிறத்தில் இருந்ததை நாட்டுச்சர்க்கரை என்று நினைத்து, அப்பா கைநிறைய அள்ளி, சம்பந்தியின் வாயில் மனம் குளிரப் போட்டார். அது கசப்பும் துவர்ப்புமாக நாக்கைப் பிடித்து இழுக்கிற தூள். மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. சம்பந்தியின் கண்கள் விரிந்தன. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அத்தை தட்டுகளை நெருங்கி வந்து பார்த்தார். நாவலைப் பார்த்தார், அத்தியைப் பார்த்தார், பலாக்காயைப் பார்த்தார். முகம் மாறிற்று.

"எல்லாம் சக்கரைக்காரனுக்குக் குடுக்கற பழமா வெச்சிக்கிறாங்களே! நம்ம பையனுக்கு சக்கரன்னு இவங்களுக்கு யாரு சொன்னது?"

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அத்தைதான் அப்போது சொன்னார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அப்பா வாயில் தூளோடு பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். நிலைமையைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இப்படித் தோன்றும்போதெல்லாம் யாராவது என்னை ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டியிருந்தால் என் குடும்பம் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஐயோ, உங்களுக்கு இல்லீங்க! எனக்குதாங்க சக்கரை! எனக்குதான்!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு கத்தினேன்.

அத்தை திரும்பினார். "ஓகோ, இங்கயும் சக்கர கீதோ? அண்ணனுக்கே இந்த வயசுலன்னா பொண்ணுக்கு?"

சம்பந்தி எப்படியோ விழுங்கிவிட்டார். தண்ணீர் குடித்தார். "கூப்ட்டு வெச்சி அவமானப்படுத்திட்டீங்க" என்றார். பிறகு தன் ஆட்களிடம், "தட்ட எடுங்க" என்றார். கொண்டுவந்த தட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா வேன்வரைக்கும் கெஞ்சிக்கொண்டே போனார். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர். கரும்பு ஆலைக்காரர்களிடம்கூடக் கெஞ்சாதவர்.

நான் உள்ளே போனேன். கவிதா புதுப்புடவையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விவரம் தெரியாமல், "நல்லதாப் போச்சு கவிதா. வியாதிய மறைச்சி கட்டப் பாத்தானுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்ணா."

"என்னது?"

"அவரே போன் பண்ணி சொன்னாரு. சின்ன வயசுலயே வந்துட்ச்சி, மாத்திர போட்டுக்கினு கீறேன், உனக்கு சம்மதமான்னு கேட்டாரு. வேற எவன் இப்படி கேப்பான்? சம்மதம்னு சொன்னேன்."

அவள் தலையிலிருந்த பூவை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு உதிர்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் அதே வெட்கம்தான்.

"பரம்பரை சர்க்கரைக் குடும்பம்" என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சுப் பரவியது. அதன்பிறகு வரன் வர வருடங்கள் ஆயின. கடைசியில் கச்சிராயபாளையத்தில் கட்டிக்கொடுத்தோம். அவள் புருஷனுக்குச் சர்க்கரை இல்லை. குடி இருக்கிறது, கைநீட்டும் பழக்கம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பழம் எதுவும் இருப்பதாக எனக்கு யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

என் சர்க்கரையும் ஓடவில்லை. இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். நாவல் நல்ல பழம்தான், பழமாகச் சாப்பிட்டால். அதை மருந்தாக்கியதும் சீர்வரிசையாக்கியதும் நான்தான்.

எங்கள் வகையறாவில் எந்த விசேஷமானாலும், தட்டு வரிசை வைத்ததும் யாராவது ஒருவர், "உரக்கடைக்காரரு கை படாத தட்டா பாத்து எடுங்கப்பா" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன வருடம் கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து. போன் செய்தாள்.

"அண்ணா, தாய்மாமன் சீர் நீதான் செய்யணும். கம்மல், துணி, மால எல்லாம் எடுத்துக்கினு வா. பழம் மட்டும் வேணாம். அத நானே வாங்கிக்கிறேன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கவிதா சிரிக்காமல் போனை வைத்தாள்.

என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்கள். குழந்தை வீறிட்டது. கவிதா ஓடிவந்து அதன் வாயில் சர்க்கரை போட்டாள். அழுகை நின்றது. கையில் மிச்சம் இருந்ததை என் வாயருகே கொண்டுவந்தாள்.

"வாயத் தொறண்ணா. நல்ல சக்கரதான். ருசி பாத்துட்டுதான் எடுத்தாந்தேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை இறங்கவில்லை.

எனக்குத்தான் சர்க்கரை என்று அன்றைக்கு ஊருக்கே கேட்கும்படி கத்தியதை இப்போது மெதுவாகவாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயைத் திறந்தேன்.