மூன்று நாற்காலி, இரண்டு பேர்

இன்று என் மனைவியை முழுச் சாப்பாடு சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். அவள் அப்பா தவறிப்போனதிலிருந்து தினமும் தட்டில் பாதி மிச்சம். சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு நேர் எதிரே அவருடைய நாற்காலி. அது கண்ணில் பட்டதும் அவள் கை நின்றுவிடும்.

எனக்கும் துக்கம்தான். மறைப்பானேன், அந்த நாற்காலி மேல் எனக்கு ஒரு கண்ணும் உண்டு. மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பது அது ஒன்றுதான். எங்களோடு தங்க வந்த நாளிலிருந்து மனுஷர் அதிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனசுக்குள் ‘விசிறி மகாராஜா’ என்று பட்டமே கட்டியிருந்தேன்.

நான் கணக்கு டியூஷன் வாத்தியார். எனக்குத் தெரிந்த ஆறுதலும் கணக்குதான்.

“மூணு நாற்காலி. நாம ரெண்டு பேர். எத்தனை விதமா உக்காரலாம், சொல்லு.”

“மூணு. எதுல உக்காந்தாலும் ஒண்ணு காலி. அவ்வளவுதானே?”

“எந்த ரெண்டு நாற்காலின்னு மட்டும் கேட்டா மூணு. யார் எதுலன்னு கேட்டா, நாம இடம் மாறிக்கிட்டா அது வேற விதம். அப்ப ஆறு.”

“ஆறுலயும் ஒண்ணு காலிதானேங்க?”

அவள் மூன்று நாற்காலிகளையும் பார்த்தாள்.

“காலியா இருக்கறது என்னோடதா இருக்கட்டும். அதைப் பாத்தா எனக்கு அழுகை வராது.”

“சரி. மிச்ச ரெண்டுல யார் எதுல?”

“அப்பாவோடதுல நீங்க. உங்களோடதுல நான்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முகத்தைச் சோகமாகவே வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். விசிறி தலைக்கு மேல் தடதடவென்று சுற்றியது. என் மேல் பொட்டுக் காற்று இல்லை. என் பழைய இடத்தில் அவள் தலைமுடி பறந்தது.

“என்னடி இது, இங்க காத்தே வரலை?”

“நேர் கீழ வராதுங்க. சுத்தித்தான் வரும். அப்பாவுக்கு வந்த மறுநாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா இங்கயே உக்காந்தாரு?”

“‘மாப்பிள்ளை நாள் பூரா கத்திட்டு வர்றாரு, காத்தாட சாப்பிடட்டும். சொல்லிடாதே’ன்னாரு.”

சொல்லிவிட்டு அவள் தட்டைக் காலி செய்தாள். சபதம் நிறைவேறியது. இன்று மிச்சம் வைத்தது நான்.