வாடகைக் கிரீடத்துக்கு வரி

மெக்னெஸ், புதன்கிழமை

ரபாத் மாநகரில் ஊரார் வரிக் கணக்கையெல்லாம் எழுதிக் கொடுத்துப் புகழ் சேர்த்துவரும் என் அக்காள் மகன் ஸுஹைருக்கு, மெக்னெஸின் குழாய்களுக்கும் வாளிகளுக்கும் ஒழுகும் இணைப்புகளுக்கும் ஏகச் சக்கரவர்த்தியான உன் மாமன் பூஷ்தா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை பத்தூலும் அல்லாஹ்வின் கருணையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீ, உன் மனைவி, அவளுடைய கைப்பேசி ஆகிய மூவரும் நலம்தானே? அந்த மூன்றாவது ஆள் கிணற்றில் விழுந்து நாசமாகப் போக வேண்டும் என்று ஐந்து வேளையும் வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியில் சிக்னல் இல்லை என்பாய். கடிதத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது.

போன மாசி வெயிலில் என் கடையில் உட்கார்ந்து, என் புதினா டீயை ஒரு குடம் குடித்துவிட்டு, "உள்ளதை உள்ளபடி எழுதிடலாம் மாமா, பொய் எழுதினா அபராதம், அதுக்கு மேல போனா கோர்ட்டு" என்று சொன்னவன் நீதானே? எழுதினோம். படித்தால் கல்லும் கண்ணீர் விடும் அளவுக்கு ஏழ்மையான வருமானம், அத்தனையும் சத்தியம். என் வாழ்நாளில் நான் அதிகாரிகளிடம் உண்மை பேசிய வருடம் அது ஒன்றுதான். அதற்குத்தான் இப்போது தூக்குமேடை.

என் மகள் கிஸ்லான் கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழு முறை உடை மாற்றி வந்தாள். தலையில் இருந்த கிரீடத்தின் ஒளியில் எதிர்வீட்டுச் சேவல் விடிந்துவிட்டதென்று கூவியது. இடுப்பில் கட்டியிருந்த தங்கப் பட்டை ஓர் ஒட்டகத்தையே முட்டி போட வைத்திருக்கும். நாலு பேர் பல்லக்கில் தூக்கிச் சுற்றியபோது அவர்கள் போட்ட முனகல் செஃப்ரூ ஊர் வரை கேட்டிருக்கும், அங்கேதானே சம்பந்தி ஹாஜ் துஹாமியின் ஒலிவ எண்ணெய் ஆலை. அந்தக் கிரீடம், பட்டை, உடை, பல்லக்கு எல்லாமே மணப்பெண் அலங்காரக்காரி லல்லா தாமுவிடம் ஒரு இரவு வாடகைக்கு எடுத்தது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள், யாரும் வாயைத் திறப்பதில்லை. அதுதான் மரியாதை. நானும் மரியாதையாகத்தான், சம்பந்தியின் தோளில் கை போட்டு, "எல்லாம் எங்க வீட்டுப் பெட்டியில கிடந்தது ஹாஜ், துருப்பிடிக்கப் போகுதேன்னு வெளிய எடுத்தோம்" என்றேன். தங்கம் துருப்பிடிக்காதே என்று கேட்காத பெருந்தன்மையான மனிதர். ஆனால் உன் மனைவி அந்தக் கணத்தைக் கைப்பேசியில் பிடித்து, ஒலியோடு, உலகம் பூராவும் பார்க்கப் போட்டுவிட்டாள்.

உலகம் பார்த்தது. வரி அலுவலகமும் பார்த்தது. வரச் சொல்லிக் கடிதம் வந்தது, போனேன். மதாம் வஃபா என்றொரு அதிகாரி. வயது கிஸ்லானைவிட இரண்டு கூட இருக்கும், அதட்டல் என் செத்துப்போன மாமியாரைவிடக் கூட. திரையை என் பக்கம் திருப்பினாள். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், பல் எல்லாம் தெரிகிறது.

"பூஷ்தா ஐயா, இந்தக் கல்யாணச் செலவு நீங்க காட்டின வருமானத்துக்கு ஒத்து வரலையே."

"அது வாடகை நகைம்மா."

"இங்க நீங்களே உங்க பெட்டியில கிடந்ததுன்னு சொல்றீங்க."

"சம்பந்திகிட்ட பேசுறது வேற, சர்க்கார்கிட்ட பேசுறது வேற."

"செலவு நடந்திருக்குன்னு காட்டறது எங்க வேலை, காட்டிட்டோம். பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு, இல்ல அது உங்களுது இல்லைன்னு, நிரூபிக்கிறது உங்க பொறுப்பு."

கேட்டாயா ஸுஹைர்? திருடனைப் பிடித்தால்கூட அவன் திருடினான் என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். யோக்கியன் மட்டும் தன்னிடம் ஒன்றுமில்லை என்று தானே நிரூபிக்க வேண்டுமாம். இல்லாத தங்கத்தை எந்தத் தட்டில் வைத்துக் காட்டுவது? நிரூபிக்காவிட்டால் அவர்கள் கணித்த வரியில் என் கடை போய்விடும், குழாய், வாளி, நான் உட்காரும் முக்காலி உட்பட.

லல்லா தாமு வீட்டுக்கு ஓடினேன். ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ரசீதா? முப்பது வருஷத் தொழில், ஒரு துண்டுச் சீட்டு கொடுத்ததில்ல. நான் ரசீது கொடுக்கிறவள்னு தெரிஞ்சா நாளைக்கு எந்த அம்மாக்காரி எங்கிட்ட வருவா?" நகைக்கடை இஸ்ஸத்தினிடம் போய், நகையை வாடகைக்குக் கொடுத்ததாகப் பழைய தேதியில் ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னேன். "பொய்ச் சீட்டுக்கு ரெண்டு பேரும் ஜெயில்ல ஒரே அறையில படுக்கணும் பூஷ்தா, நீ குறட்டை விடுவே" என்று துரத்திவிட்டார். உன் அத்தையிடம் சொன்னேன். "சம்பந்திகிட்ட பீத்தினப்ப என்னைக் கேட்டியா?" என்று பட்டாணி உரிக்கப் போய்விட்டாள்.

கடைசியில் தாமு மனமிறங்கினாள். எழுத்தில் எதுவும் தரமாட்டாள், நாளை விசாரணைக்கு நேரில் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கிரீடத்தையும் பட்டையையும் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, தன்னுடையதுதான் என்று வாயால் சொல்வாள். சம்பந்தி காதுக்கு மட்டும் போகக் கூடாது. போனால் கிஸ்லான் அந்த வீட்டில் நாளைக்கு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்? கடை பிழைக்க வேண்டும், மகள் மானமும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உன் மாமன் பல்லக்குக் கம்பு மாதிரி வளைந்து கிடக்கிறேன். எல்லாம் நல்லபடி முடியும் என்று நம்புகிறேன். முடிந்தால் பெருமை எனக்கு, முடியாவிட்டால் பழி உன் மனைவியின் கைப்பேசிக்கு.

உன் அம்மாவின் கைக்கு என் முத்தம். உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் குறைந்த வருமானத்தோடும் வாழ்க.

உன் மாமன்,
பூஷ்தா

பின்குறிப்பு, வியாழன் மாலை: உறையை ஒட்டுவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. தாமு பையோடு வந்தாள். மதாம் வஃபா கதவைச் சாத்தப் போகும்போது உள்ளே நுழைகிறார் ஹாஜ் துஹாமி, கையில் இனிப்புப் பெட்டி. "என் சம்பந்திக்கு ஒரு கஷ்டம்னு கேள்விப்பட்டேன், பக்கத்துல நிக்க வந்தேன்" என்கிறார். தாமு பையின் ஜிப்பைத் திறக்கிறாள். எனக்கு என்ன ஆனதென்று தெரியாது ஸுஹைர். எழுந்து நின்று, "இந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியாது, தங்கம் என்னுது" என்றேன். ஏற்றுக்கொண்டதாக மதாம் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன், அழகான கையெழுத்து. ஹாஜ் என்னைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். மாடிப்படி இறங்கும்போது, நான் முன்னால் போய்விட்டதாக நினைத்து, அவர் தாமுவின் காதில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "மாப்பிள்ளை வீட்டுச் சீர்த் தட்டுங்க இன்னும் எங்க வீட்லதான் கிடக்கு, வாடகை ஏறிக்கிட்டே போகுதா?"

ஆகவே உடனே ஒரு மேல்முறையீடு எழுது. உன் மாமன் பொய்யன் என்று இப்போது நாம்தான் நிரூபிக்க வேண்டும். இந்தத் தடவை சாட்சிக்குக் கவலை வேண்டாம். பேருந்து பிடித்தாவது ஊரே வரும், உன் அத்தை முதல் ஆளாக.