நாற்பத்தேழாம் நம்பர் கூடை

விருந்தினர் வந்துசேர இன்னும் மூன்று மணி இருபது நிமிடம் இருந்தது.

தெரணியகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சுதாகரன் புதிய நலன்புரி உத்தியோகத்தர். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் அறைச் சுவரில் தொங்கிய ஓவியத்தை வெறித்துக்கொண்டு நின்றான். பச்சை முகம். மஞ்சள் கண்கள், ஒன்று மற்றதைவிடக் கீழே. ஒரு முழக் கழுத்து. முதுகில் கொழுந்துக் கூடை. துரை லீவில் போயிருந்தபோது கொழும்பு ஓவியர் ஒருவர் தீட்டியது. துரையின் மனைவி துரைசாணி அதை மாட்டிவிட்டுத் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்.

தேயிலை வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இதை அவன் விளக்க வேண்டும். சரியாக விளக்கினால் வேலை நிரந்தரம்.

"பச்சைன்னா இயற்கை, நானா," என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் றஊப் நானாவிடம் ஒத்திகை பார்த்தான்.

"இயற்கையா? கண்ணப் பாருங்க தம்பி, மஞ்சக்காமால. கழுத்துலயும் வருத்தம். யாரு இது?"

கூடையில் வெள்ளைப் பெயின்டில் 47 என்றிருந்தது. மலையில் ஆளைவிடக் கூடையின் நம்பர்தான் பிரபலம்.

"நம்ம கொழுந்து பறிக்கிற மருதாயி!" என்றார் றஊப்.

அங்கேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டுச்சீட்டும் எழுதினார். வைத்தியம் நடக்கிறது என்று விருந்தினரிடம் சொல்லலாமே என்று சுதாகரன் அதைத் துரையிடம் நீட்டினான்.

துரை துண்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காமாலை இல்ல. இந்தப் பொம்பள வருஷக்கணக்கா அழுதிருக்கு. புருஷன் சரியில்ல. கூப்பிடு அவன!"

மருதாயியின் புருஷன் மூக்கையா ஓடிவந்தான்.

"பொண்டாட்டிய இப்படியா வச்சிருப்ப? ஒரு நல்ல வார்த்தை பேசுறதில்லயா?"

"அவ பேசி முடிச்சாத்தானுங்களே நான் பேச!"

"பொய்! மொகமே சொல்லுது. உனக்கு வேல இல்ல. இத்தன நாளா இதக் கவனிக்காத சுதாகரனுக்கும் இல்ல!"

அப்போது மருதாயியே வந்து நின்றாள். கன்னம் இரண்டும் உப்பி, வாய் நிறைய வெற்றிலை.

"என்னங்கய்யா, கொழுந்து நிறுக்கிற நேரத்துல என்னைய ஆஸ்பத்திரிக்குன்னு லொறியில ஏத்தப் பாக்குறாங்க?"

துரை அவளை உற்றுப் பார்த்தார். "நீ நல்லாத்தானே இருக்க!"

"எனக்கென்னங்க கொறச்சல்?"

"சரி, சரி. மூக்கையா, சுதாகரன், ரெண்டு பேருக்கும் வேல இருக்கு. போய்ப் பாருங்க."

சுதாகரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூக்கையா கும்பிட்டுவிட்டு வாசலை அடைந்துவிட்டான்.

"அப்ப இந்தப் படத்துல இருக்கிறது யாரு?" என்றார் துரை.

மருதாயி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினாள்.

"கூடை மட்டுந்தாங்க என்னுது, பழசு. அந்த நாள்ல கொழுந்து கூடிப்போச்சு, படத்துக்கு உக்கார எங்கள மலைய விட்டு வர விடல. அத மாட்டிக்கிட்டு மூணு நாளா உக்காந்திருந்தது நம்ம தொரசாணிங்க."