சொந்த வீட்டுக்கு விசா

ஒரு மனிதன் தன் சொந்த வீட்டுக்கு விசா வாங்கிக்கொண்டு வருவதைவிடச் சிறந்த நாகரிக முன்னேற்றம் இவ்வுலகில் வேறில்லை. அந்தப் பெருமையைக் கிழக்குத் தாம்பரத்துக்குத் தேடித் தந்தவன் என் மகன் ஸ்ரீநிவாசராகவன்.

பி.காம். மூன்று முறை அவனைக் கைவிட்ட பிறகு, 1986-இல் ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்குப் போனான். பெயர் வேண்டாம், நல்ல நாடு. பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு சோகத்தைச் சொன்னால் போதும், அங்கேயே தங்கலாம் என்றார் ஏஜெண்ட். எங்கள் வம்சத்தில் எல்லோருக்கும் பென்ஷன்; சோகத்துக்கு எங்கே போவது? நல்லவேளை, பின்போர்ஷனில் யாழ்ப்பாணத்து அகதி வேதசிரோமணி டீச்சர் குடியிருந்தார். வீடு எரிந்தது, கணவர் செத்தது, ஒரே மகன் ஜெபராஜ் கொழும்பில் ஒளிந்திருப்பது எல்லாவற்றையும் துவைக்கிற கல்லருகே என் மனைவி சாவித்ரியிடம் சொல்லி அழுவார். என் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து குறித்துக்கொண்டான். வாழ்க்கையில் அவன் ஒழுங்காக எடுத்த நோட்ஸ் அது ஒன்றுதான். அந்நாட்டில் அவன் 'ஜெபராஜ்' ஆனான். விசாரணை அதிகாரி கண்கலங்கினாராம். புகலிடம் கிடைத்தது.

நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு மட்டும் சில வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு பயணப் புத்தகம் தருவார்கள். தப்பி வந்த நாட்டைத் தவிர எங்கும் போகலாம். இலங்கைக்குப் போக முடியாதே என்று என் மகன் ஒருநாளும் வருந்தியதில்லை.

1991-இல் என் மகள் நாகலக்ஷ்மிக்குக் கல்யாணம். பொரியிட அண்ணன் கை வேண்டுமே. பயணப் புத்தகம் கேட்டு, 'இந்தியாவில் இருக்கும் அகதித் தாயைப் பார்க்க' என்று எழுதிக் கொடுத்தான். தாயின் கையெழுத்து எங்கே என்றார்கள். அலுவலகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

டீச்சர் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஐயா, இது என்ட மகன்ட பேரெல்லோ?"

"வெறும் ஃபார்மாலிட்டி டீச்சர். உங்களை வேத்து மனுஷாளாவா நினைக்கிறோம்?"

அந்த வருடம் எங்கள் பகுதியில் இலங்கைக்காரர்களுக்கு யாரும் வீடு தருவதில்லை. அதை அன்போடு நினைவூட்டினேன். கையெழுத்துப் போட்டார். பயணப் புத்தகம் கிடைத்தது; அதில் இந்திய விசாவும் வாங்கிக்கொண்டு என் மகன் தாம்பரம் வந்து சேர்ந்தான்.

முகூர்த்தத்தன்று கான்ஸ்டபிள் பொன்னுசாமி விசாரிக்க வந்தார்.

"சார், சிலோன்காரர் ஒருத்தர் வந்துகிறாராமே, எங்க கீறாரு?"

"அதோ, பொண்ணு கையில பொரி போடறாரே, அவர்தான்."

"அது அண்ணங்காரன் செய்யறதாச்சே சார்?"

"பாவம், அகதி. ஆசைப்பட்டார், விட்டுட்டோம்."

பொன்னுசாமி நெகிழ்ந்துபோய்ப் பந்தியில் உட்கார்ந்தார். "உங்கள மாதிரி மனசு யாருக்கு சார் வரும்" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து டீச்சருக்கு எங்கள் வீட்டுப் போனில் அழைப்பு வந்தது. அசல் ஜெபராஜ் கொழும்பிலிருந்து தப்பி, அதே நாட்டு விமான நிலையத்தில் போய் இறங்கிவிட்டான். அதே வீடு, அதே தீ, அதே தாய் என்று சொல்லியிருக்கிறான். 'அந்தத் தாயின் ஒரே மகன் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறார், தாயே கையெழுத்திட்டிருக்கிறார், நீ போலி' என்றுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கொழும்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

"அங்க இறக்கினா அவனைக் கொன்றுபோடுவாங்கள் ஐயா. மற்றவன் உங்கட பிள்ளை எண்டு ஒரு தந்தி அடியுங்கோ."

"ராகவனுக்கு நிரந்தர உரிமை வர எட்டே மாசம்தான் இருக்கு. இந்த நேரத்துல குட்டையைக் குழப்பலாமா டீச்சர்?"

டீச்சர் போனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை. அன்றைக்கே தந்தி ஆபீசுக்குப் போய் அந்நாட்டு அலுவலகத்துக்கு ஒரு தந்தி கொடுத்தேன்: 'போலி அகதியைக் கண்டுபிடித்ததற்கு மிக்க நன்றி.'

அனுப்புநர் பெயர் கேட்டார்கள். 'தாய், வேதசிரோமணி' என்று எழுதினேன்.