ஊதாக்காரர் வரைந்த அந்தி

ஹட்டனில் பொழுது எந்த நிறத்தில் சாய வேண்டும் என்பதெல்லாம் ஊதாக்காரரிடம் கேட்டுத்தான் நடக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்புவேன். அவருக்குத் தொழில் பெயர்ப்பலகை எழுதுவது. மீன்கடைப் பலகையிலும் மீனுக்குப் பின்னால் ஊதா மலை நிற்கும். ஏன் என்று கேட்டால், “மீனு கடலோடதுங்க, கடை இங்கதானே இருக்கு?” என்பார்.

நான் நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். பரிசளிப்பு விழா மேடைக்குப் பின்திரை வேண்டும், மலையில் அந்தி. நான் வீரமாக ஊதாக்காரருக்குப் பொறுப்பு நின்றேன். “முடியாமப் போச்சுன்னா இனி எந்த விழாவுக்கும் பிளெக்ஸ்தான், சேர்” என்று அதிபர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வந்தவரிடம் செம்மஞ்சள் டின்னே இல்லை. “ஒரேஞ்சு போட்டா அது கலண்டர் மலைங்க சேர். நம்ம மலையில மொதல்ல பச்சை கறுக்கும், பொறகு நீலம். கொழுந்து நிறுவை முடிஞ்சு பொம்பளைங்க லயத்து வீட்டுக்கு வர்றப்ப ஊதா. பாத்தா ஒடம்பு அசதியும் தெரியணும், வீடு வந்த நிம்மதியும் தெரியணும்.”

அந்த ஊதாவை நேரே மலையைப் பார்த்துக்கொண்டு, அந்தியில் மட்டும்தான் தீட்டுவார். நாளுக்கு இருபது நிமிடம். பனி மூடினால், “இன்னிக்கு மலை லீவு” என்று தூரிகையைக் கழுவிவிட்டு பிளேன்டீ கேட்பார். மூன்று வாரத்தில் மலை எட்டு நாள்தான் வேலைக்கு வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று.

விழா நாள் காலையில் திரையின் இடது பக்கம் வெறும் வெள்ளை. “எதையாச்சும் பூசிவிடுங்களேன்!” என்று கெஞ்சினேன். “வெயில்ல பூசினா பொய்யாப் போயிரும் சேர்” என்று மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

முன்சீலை விலகியது. முன்வரிசையில் ஒரு பெண் திரையைப் பார்த்தபடி மகளின் தோளில் சால்வையை இழுத்துவிட்டு, “அந்தப் பக்கம் பனி எறங்கிருச்சு புள்ள, போத்திக்க” என்றாள். அதைக் கேட்டு இன்னும் நாலைந்து பேர் போர்த்திக்கொண்டார்கள். “பிளெக்ஸ்ல இந்தப் பனி வருமா?” என்றார் அதிபர், தானே ஆரம்பத்திலிருந்து சொல்லி வந்ததைப் போல.

விழா முடிந்து அந்தி விழுந்ததும், மிச்சத்தை முடிக்க ஊதாக்காரர் டின்னோடு வந்தார். நான் குறுக்கே நின்று நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் அந்த வெள்ளையையே பார்த்தார்.

“மெய்யாலுமே போத்திக்கிட்டாங்களா சேர்?”

டின்னை மூடிவிட்டார்.

இன்றும் ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் அதையேதான் கேட்கிறார். நானும் அலுக்காமல், முதல் தடவை சொல்வதைப் போலவே சொல்கிறேன்.