அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஊதாப் புடவை

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யத் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கெல்லாம் பஸ் ஓட்டத் தெரியும் என்பது மாதிரி. அந்த நம்பிக்கையை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஐ.டி. கம்பெனியில் எனக்கு வேலை, யார் யார் லீவு போட்டார்கள் என்று சரிபார்ப்பது. ஆனால் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் பெண் எடுத்தபோது, என் மாமனார் தணிகாசலம் தெரு முழுக்க ‘மாப்ள கம்ப்யூட்டர் இஞ்சினியரு’ என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் அடக்கமாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்புக்குக் கிடைத்த தண்டனையைத்தான் எழுதுகிறேன்.)

மாமனாருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பட்டனை அமுக்கினால் உள்ளே காற்றாடி சுற்றும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தட்டுவது போல ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும்.

“பொட்டி எய்ந்துக்க மாட்டேங்குது மாப்ளே” என்றார் மாமனார்.

விஷயம் சாதாரணமானதில்லை. வீட்டுப் பழைய ஆல்பங்களைக் கரையான் அரிக்க ஆரம்பித்தபோது, என் மனைவி பவானி ஒரு வருஷம் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்து அதில்தான் ஏற்றி வைத்திருந்தாள். ஆல்பங்களைத் தூக்கிப் போட்டாயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய மாமனாரின் முப்பது வருஷமும், அவர் கல்யாணமும், பவானியின் குழந்தைப் பருவமும் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. மண்டபத்தில் அவற்றைத் திரையில் காட்டுவதாக ஊருக்கெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. தெரிந்த கடையில் கொடுக்கலாம் என்றாள் பவானி. அவளுக்கு மட்டும் என் வேலை என்னவென்று தெரியும். நான் மாமனாரைப் பார்த்துக்கொண்டே, “இதுக்குப் போய் கடையா?” என்றேன்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, துணிப்பையில் போட்டு, மேனாம்பேட்டில் இருக்கும் எங்கள் பிளாட்டுக்குக் கொண்டுவந்தேன். அது ஞாயிற்றுக்கிழமை மதியம். பவானி பூந்தமல்லிப் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. டிஸ்க்கை ஒரு கேபிளால் என் லேப்டாப்பில் செருகினேன். அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. ஃபார்மேட் செய்யட்டுமா என்று. ஃபார்மேட் என்றால் ஒழுங்குபடுத்துவது என்று நினைத்து, சரி என்று அமுக்கினேன்.

இரண்டு நிமிஷத்தில் முப்பது வருஷமும் காலி.

அடுத்த அரை மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். (அழுதேன்.) பிறகு இணையத்தில் தேடி, அழிந்துபோனதைத் தோண்டி எடுக்கிற ஒரு மென்பொருளைப் போட்டு ஓடவிட்டேன். டிஸ்க் ‘டிக், டிக்’ என்று தட்ட ஆரம்பித்தது. திரையில் ஒவ்வொரு படமாக மேலே வந்தது.

படங்களுக்குப் பெயர் இல்லை. வெறும் எண்கள். சிலது முழுசாக வந்தன, சிலது பாதி வந்து, மீதி சாம்பல் நிறத்தில் நின்றன. ஒரு மணப்பெண்ணின் நெற்றிக்குக் கீழே வேறு யாருடைய தாடையோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையின் முகம் பச்சையாக இருந்தது. பத்து முகத்தில் எட்டு முகம் எனக்குத் தெரியாது. தெரியாத அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு நடுவில் ஊதாப் புடவை கட்டிய ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அருவி வரைந்த ஸ்டூடியோத் திரைக்கு முன்னால், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்பது போல நின்றிருந்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் நூறு படம் தாண்டியிருந்தது. திரையில் அந்த அம்மாள்தான் இருந்தார், இந்த முறை இன்னும் கிட்டத்தில். வெளியே மழை பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டேன். சுவரோரமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன், எனக்குப் பின்னால் யாரும் நிற்க இடமில்லாதபடிக்கு.

மூன்றாவது முறை பாதிப் படம்தான் வந்தது. அதே புடவை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தோளில் பெரிய மாலை. நெற்றியில் அகலமான பொட்டு பளபளத்தது. கண் மூடியிருந்தது. மூக்குக்குக் கீழே சாம்பல். ஏதோ விசேஷம் போலிருக்கிறது, பிளாஷ் அடித்ததும் கண்ணை மூடிவிட்டார், நல்ல படம் வீணாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

யார் இவர் என்று பவானியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கல்யாணமான புதிதில் ஆவடி பஸ் ஸ்டாண்டில் அவளுடைய பெரியப்பாவை அடையாளம் தெரியாமல், தள்ளி நிற்கச் சொன்னவன் நான். அது ஆறு மாதம் பேசப்பட்டது. மாலை போட்டிருக்கிறார் என்றால் முக்கியமான சொந்தமாகத்தான் இருக்க வேண்டும், விட்டால் வம்பு என்று மூன்று படத்தையும் மண்டபத்தில் காட்டுகிற வரிசையில் சேர்த்துவிட்டேன்.

சென்னீர்குப்பத்தில் மண்டபம். காலையில் மாமனார் மாமியாருக்கு இரண்டாம் தடவை தாலி கட்டி முடித்ததும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் திரையில் படம் ஓடியது. சைக்கிளில் வாலிப மாமனார், லேத் பக்கத்தில் மாமனார், மொட்டைத் தலையோடு பவானி. ஜனங்கள் கை தட்டினார்கள். மாமனார் என்னைப் பெருமையாகப் பார்த்தார். அவர்களுடைய முதல் கல்யாணப் படம் வந்தது. அதற்கு அடுத்ததாக ஊதாப் புடவை வந்து நின்றார்.

மாமனார் வீட்டார், மாமியார் வழிச் சொந்தம் போலிருக்கிறது என்று கிசுகிசுத்தார்கள். மாமியார் வீட்டார் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்கள். இரண்டாவது படமும் வந்தது. மாமியார் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினார்.

“யாருயா இவ?”

அறுபது வயதில், கழுத்தில் மாலையோடு, மாமனார் திருதிருவென்று விழித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது படம் வந்துவிட்டது.

லேப்டாப் திரையில் நான் பொட்டு என்று நினைத்தது, சுவர் அகலத்துக்கு வந்தபோது பொட்டாக இல்லை. நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது என்னவென்று ஒரே நேரத்தில் புரிந்தது. செத்துப்போனவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படம்.

யாரோ ஒருவர் குழந்தையின் கண்ணைப் பொத்தினார். நான் பட்டனை அமுக்கினேன். லேப்டாப் அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். மூடிய கண்களோடு அந்த முகம் அப்படியே மேலே நின்றது.

அப்போது சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஏதோ விழுந்தது. இலை எடுக்கிற கூடை. எடுத்து வந்த பெண் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அது எங்கம்மா” என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டது. பிடுங்கிப் போட ஒயரைத் தேடினேன். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டில் மாட்டியிருந்த ஒரே படமும் மழைத் தண்ணீர் புகுந்தபோது முகம் கரைந்துபோய்விட்டதாம். அம்மா முகமே மறந்துபோகிற மாதிரி ஆகிவிட்டது என்றாள்.

“சார், இதுக்கு முன்னாடி நின்னுகினு இருந்தாங்களே. அந்தப் படத்த இன்னொரு தபா காட்டறியா?”

நான் மாமனாரைப் பார்த்தேன். நல்ல காரியம், நல்ல நேரம், சொந்தபந்தம் முழுக்க உட்கார்ந்திருந்தது. பெரியவர்கள் சிலர் எழுந்தே விட்டார்கள். மாமனார் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“காட்டுங்க மாப்ளே. பாத்துட்டுப் போவட்டும்.”

லேப்டாப்பை அணைத்துப் போட்டு, அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். அருவித் திரைக்கு முன்னால் அந்த அம்மாள் மறுபடி வந்து நின்றார். மகள் கிட்டே போனாள். ரொம்பக் கிட்டே போனதால் அவள் நிழலே அம்மாவை மறைத்துவிட்டது. சட்டென்று ஒதுங்கி நின்று பார்த்தாள். நானூறு பேர் காத்திருந்தோம். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த பந்தி தொடங்கியிருந்தது.

மாமியார் லேப்டாப்பின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அதோடு அது நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தது. (படங்களை வேறு ஒரு டிஸ்க்கிலும் போட்டு வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.)

விஷயம் சாயங்காலம்தான் தெரிந்தது. ஆவடியில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் பழைய கம்ப்யூட்டரைத்தான் மாமனார் வாங்கியிருந்தார். ஸ்டூடியோக்காரர் தன்னுடைய படங்களை அழித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார். நான்தான் ஃபார்மேட் செய்து, பிறகு அடிவரைக்கும் தோண்டி, அந்த வட்டாரத்துக் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சாவு எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்குப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். அவள் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிளாட்டில் மணி அடிக்கும். “எங்க நைனா உங்க ஊட்ல கீறாராமே” என்று முகம் தெரியாத யாராவது நிற்பார்கள். பவானி காபி போடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளுவேன். இதுவரை ஏழு பேர் கிடைத்திருக்கிறார்கள். மாமனாரும் என்னை இப்போது கம்ப்யூட்டர் இஞ்சினியர் என்று சொல்வதில்லை. “செத்தவங்கள தட்டி எய்ப்பற மாப்ள” என்கிறார்.

ஆனால் குடும்ப விசேஷங்களில் நான் செல்போனைத் தூக்கினால் போதும், உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். மாலையைக் கழற்றிவிடுகிறார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் எட்டு வருஷமாக நான் எடுத்த ஒரு படத்திலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் நின்றுகொண்டு, கண்ணை உருட்டி விழித்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் வளைகாப்பு ஒன்றில் மாமியார் அப்படித்தான் இமைக்காமல் நின்றார். எடுத்து முடித்ததும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

“கண்ணு தொறந்துகினுதான் கீது மாப்ளே. நீங்களும் ஒரு தபா நல்லா பாத்துக்கோங்க.”