உபதேசியாரும் காலி பாட்டில்களும்

"காலி பாட்டிலா?" கடைக்காரி ஸ்பெசியோஸ் கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "நிறைஞ்ச பாட்டில் கேளுங்க உபதேசியாரே, இப்பவே தர்றேன். காலி பாட்டில் மட்டும் என்னைப் பெத்தவ வந்து கேட்டாலும் கிடையாது."

மிசாகோ உபதேசியார் பீர்க்கடைக்குள் கால் வைத்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஒரு சொட்டுகூடத் தொடாத மனிதர். ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக் கொடுப்பவர். அவர் நுழைந்ததுமே பெஞ்சுகளில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாட்டிலை வாயிலேயே வைத்தபடி அவரைப் பார்த்தார்கள்.

"குடிக்கிறதுக்கு இல்லம்மா, ஊத்துறதுக்கு," என்றார் தாழ்ந்த குரலில்.

"இங்க எல்லாரும் ஊத்துறதுக்குத்தான் கேக்கறாங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நான் காலிப் பெட்டி குடுத்தாத்தான் லாரிக்காரன் நிறைஞ்ச பெட்டியை இறக்குவான்," என்றாள் ஸ்பெசியோஸ். "பாட்டில் போச்சுன்னா என் பொழப்பே போச்சு. பீரை எவன் வேணாலும் காய்ச்சலாம் உபதேசியாரே. பாட்டிலை எவனாவது காய்ச்ச முடியுமா?"

இதற்கு மறைநூலில் பதில் இல்லை. மிசாகோ வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி கபுரா வாசலிலேயே நின்றாள். "கிடைச்சுதா?"

"பீரைப் பானையிலேயே வச்சுடலாம் கபுரா. நாணல் குழாயைப் போட்டா எல்லாரும் சுத்தி உக்காந்து உறிஞ்சிக்கப் போறாங்க. நம்ம ஊர்ல காலங்காலமா அப்படித்தானே?"

"பானையா! களை வெட்ட வந்த கூலி ஆளுங்களுக்கா விருந்து வைக்கிறோம்? மேட்டு வீட்டுக்காரி மக நிச்சயத்துல ஆளுக்கொரு பாட்டில் குடுத்தாளே, மறந்துபோச்சா? வர்றவங்க ங்கோசி டவுன்காரங்க!"

மகள் முனெசெரோவைப் பெண் கேட்க ங்கோசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வருகிறார்கள். இது மூன்றாவது தேதி. முதல் தடவை மழை என்று சொல்லித் தள்ளிப்போட்டார்கள். இரண்டாவது தடவை யாருக்கோ கால் சுளுக்கு என்றார்கள். இரண்டும் பொய் என்று மலையில் உள்ள ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். என்னதான் குறை கண்டார்கள்? அது மட்டும் தெரியவில்லை. முனெசெரோ சரியாகச் சாப்பிடுவதில்லை. சட்டியில் போட்ட அவரை விதை அப்படியே திரும்பி வருவதை மிசாகோ தினமும் பார்க்கிறார். இந்தத் தடவையும் தவறினால் அந்தப் பெண்ணைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"அவங்க ஆள் விட்டு நம்மளப் பத்தி விசாரிப்பாங்க. ஊர்ல நம்ம பேரு கெடாம பாத்துக்குங்க," என்றாள் கபுரா. "அது போதும்."

வாழைப்பழ பீர் காத்திருக்கிற ஜாதி இல்லை. கபுராவின் தம்பி புட்டோயி வாழைப்பழத்தை மிதித்துச் சாறெடுத்து, வறுத்த சோள மாவைத் தூவி, மரத்தொட்டியில் ஊற்றி இலை போட்டு மூடியாகிவிட்டது. சனிக்கிழமை பதமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை புளித்துக் காடியாகிவிடும்.

"அத்தான், இது ஒரு பிரச்சினையா?" என்றான் புட்டோயி. பிரச்சினைகளைக் கண்டால் அவனுக்கு உற்சாகம் பொங்கும். "நிறைஞ்ச பெட்டியை வாங்குங்க. பாட்டிலுக்கு ஈடா எதையாவது அவகிட்ட விட்டுட்டு வாங்க. பாட்டிலைக் காலி பண்ற பாரத்தை நான் சுமக்கறேன்."

"எதை ஈடா விடறது?"

புட்டோயியின் கண் மிசாகோவின் சைக்கிள் மேல் போயிற்று.

ஆக, உபதேசியார் சைக்கிளைப் பீர்க்கடை வாசலில் நிறுத்திவிட்டு, பீர்ப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு, மலைப்பாதையில் எதிர்ப்பட்டவர்கள் அத்தனை பேருக்கும் தோத்திரம் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அவர்களும் தோத்திரம் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். இங்கே பாலும் இல்லை. தலையில் இருந்தது நிஜமாகவே பீர்.

மறுநாள் காலை பூசைக்குப் போனவர்கள், கைப்பிடியில் சின்னச் சிலுவை கட்டிய அந்தச் சைக்கிள் விடிந்த பிறகும் ஸ்பெசியோஸ் கடை வாசலிலேயே சாய்ந்து நிற்பதைக் கண்ணாரக் கண்டார்கள்.

புட்டோயி தனியாகச் சுமக்கவில்லை, நண்பர்களையும் கூட்டிக்கொண்டான். பெட்டி சீக்கிரமே காலியானது. அதன்பிறகு நண்பர்கள் கோயில் வாசல் வரை ஊர்வலமாகப் போய், மாதா பாட்டின் ராகத்தில் "எங்கள் உபதேசியார் வாழ்க, அவர் கை என்றும் தாராளமாகுக" என்று பாடிவிட்டுக் கலைந்தார்கள். கலையும்போது ஆளுக்கு இரண்டாகப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஏண்டா விட்டே?" மிசாகோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குடிச்சவனுக்குத்தானே அத்தான் பாட்டில்! அதைப் பிடுங்கினா மரியாதையா?"

"என் சைக்கிள்?"

புட்டோயி வானத்தைப் பார்த்தான்.

வேறு வழியில்லை. மிசாகோ சாக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எல்லார் வீட்டிலும் பாட்டில் இருந்தது. காலியாக மட்டும் இல்லை. ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் தேன், ஒன்றில் மாட்டுக்கு வயிற்றுப்போக்கு மருந்து. ஒரு வீட்டில் மந்திரித்த தீர்த்தமே பீர் பாட்டிலில் இருந்தது. "மண்ணெண்ணெயை வேற எதுலயாவது ஊத்திக்கிறியா தம்பி?" என்று ஒருவனிடம் கெஞ்சி, அவன் சட்டியில் ஊற்றும்போது பாதி இவர் சட்டையில் கொட்டியதுதான் மிச்சம்.

ஜெபக்கூட்டத் தலைவி விதவை ந்தகோபாவிடம் போனபோது அவர் தொண்டை வறண்டுபோயிருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"காலி பாட்டில் எதாவது இருக்கா தாயி?"

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் மூன்று பாட்டில்களைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "இந்தா. இதோட நிறுத்திக்க ராசா."

"மூணு பத்தாது தாயி," என்று அவர் சொன்னதுதான் தாமதம், அந்த அம்மாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அன்று மாலையே ஜெபக்கூட்டத்தில் மிசாகோவின் ஆன்மாவுக்காகத் தனி வேண்டுதல் தொடங்கிவிட்டது. பெயர் சொல்லித்தான் வேண்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மிசாகோவுக்கு ஒரு ஞாபகம் வந்தது. கோயில் தோட்டத்தில் மாதா சிலை வைத்த கல்குகையான கெபியைச் சுற்றிப் பூப்பாத்திக்கு வரப்பாகப் பீர் பாட்டில்களைத் தலைகீழாகப் புதைத்திருந்தார்கள். பழைய பங்குச் சாமியார் இருந்த காலத்தில் இவரே கூட நின்று புதைத்தது. இப்போது மேலே புல் மூடிவிட்டது. தோண்டினால் ஒரு சாக்கு தேறும்.

புதிதாக வந்த எவாரிஸ்ட் சாமியார் வெளியே போயிருந்தார். கேட்டால் இல்லையென்றா சொல்லப்போகிறார்? எடுத்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மிசாகோ மண்டியிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். சாக்கு முக்கால்வாசி நிறைந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"மிசாகோ!"

மண்டியிட்டபடியே திரும்பினார். இரண்டு கையிலும் பாட்டில்.

எவாரிஸ்ட் சாமியார் நல்லவர். அதுதான் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"மாதா காலடியிலயா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"ஐயோ சாமி, இது செடிக்காக வச்சது!"

"செடிக்காக," என்று சாமியார் மெல்லத் தலையாட்டினார். "எவ்வளவு நாளா?"

"பழைய சாமி காலத்துலேர்ந்தே, சாமி."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். "பாட்டிலை எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை வகுப்பை வேற ஆள் பாத்துக்கட்டும். உடம்பு தேறினதும் வாங்க," என்று சொல்லிவிட்டுத் தோளைத் தட்டினார். மிசாகோ சட்டையின் மண்ணெண்ணெய் வாடை அவர் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். "இப்ப எதைத்தான் குடிக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதுவரை சொன்ன பதில்கள் எல்லாம் என்ன கதியாயின என்று மிசாகோவுக்குத் தெரியும். சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருக்கு அழவேண்டும்போல் இருந்தது. பாட்டில்கள் முதுகில் கலகலவென்று ஊருக்கே கேட்கும்படி சிரித்துக்கொண்டு வந்தன. வகுப்பு போயிற்று, சைக்கிள் போயிற்று, பேரும் போயிற்று. போகட்டும், பெண்ணுக்கு வாழ்வு கிடைத்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மணலும் கூழாங்கல்லும் போட்டுக் குலுக்கிப் பாட்டில்களைக் கழுவி, பீரை ஊற்றி, பழைய மூடிகளைக் கல்லால் தட்டி இறுக்கி, கம்பியால் கட்டி, சனிக்கிழமை காலையில் முற்றத்து மேஜையில் வரிசையாக அடுக்கியபோது, கபுராவின் முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. முனெசெரோகூட எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"மூடி கழண்டு வராதுல்ல?" என்றார் மிசாகோ.

"ஆனையைக் கட்டி இழுத்தாலும் வராது அத்தான்!"

வரவில்லைதான். பீர் இன்னும் பொங்கி முடியவில்லை என்பதைப் புட்டோயி சொல்ல மறந்திருந்தான். வெயில் ஏறியது. மேஜையின் ஓரத்தில் ஒரு பாட்டில் விசில் அடித்தது. அப்புறம் டமார் என்று ஒரு சத்தம். மிசாகோ பாய்ந்துபோய் இரண்டு பாட்டில்களை மார்போடு அணைத்தார். அவை அணைப்பிலேயே வெடித்தன. மீதியும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டது. கோழிகள் வாழைத்தோப்புக்குள் ஓடின. கபுரா ஓடிவருவதற்குள் முற்றத்தில் கண்ணாடித் துண்டுகளும், நடுவில் தலைமுதல் கால்வரை பீர் சொட்டச் சொட்ட ஒரு உபதேசியாரும் மட்டும்தான் இருந்தார்கள். சின்னக் கீறல்களுக்குமேல் காயம் இல்லை. பெரிய காயமாகப் பட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"சட்டையை மாத்துங்க!" என்று கபுரா கத்தினாள்.

"இதுதான் நல்ல சட்டை," என்றார் மிசாகோ.

அப்போது பாதை முனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கத் தெரியாத, தடித்த மனிதர். அவருக்காகப் பேச வந்திருந்தது அவர் தம்பி ககுங்கு. பின்னால் அத்தைகளும் மாமன்களுமாக ஒரு கூட்டம். முற்றத்தில் நுழைந்ததும் எல்லார் மூக்கும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார்கள். பிறகு மிசாகோவைப் பார்த்தார்கள்.

தொட்டி அடியில் தங்கியதைப் புட்டோயி பானையில் வடித்து, நாணல் குழாய்களைச் செருகி நடுவில் கொண்டுவந்து வைத்தான். கபுரா அவமானத்தில் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டாள்.

ககுங்கு தொண்டையைச் செருமினார். "பொண்ணு எடுக்கிற வீட்டைப் பத்தி நாலு இடத்துல விசாரிக்கிறது வழக்கம். இந்த வாரம் நாங்களும் ஆள் விட்டோம்."

மிசாகோ ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தார்.

"பீர்க்கடை அம்மாகிட்ட விசாரிச்சோம். ஜெபக்கூட்டத்துலயும் விசாரிச்சோம். உங்க சாமியாரையும் விடல." ககுங்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க."

கதவுக்குப் பின்னால் முனெசெரோவின் விரல்கள் நிலையைப் பற்றியிருந்தது தெரிந்தது. அந்த விரல்களைப் பார்த்ததும் மிசாகோ எழுந்துவிட்டார். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார்.

"ஐயா, என் பொண்ணு தங்கம். அவமேல ஒரு குத்தமும் கிடையாது. எல்லாம் என்னால வந்தது. காலி பாட்டிலுக்காக அலைஞ்சேன், அவ்வளவுதான்! நீங்க கேள்விப்பட்டது அத்தனையும் பொய். மாதா சத்தியமா நான் குடி—"

அந்தச் சொல் முடிவதற்குள் கபுரா அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். மாப்பிள்ளையின் அப்பா ஏற்கனவே பானைப் பக்கம் நகர்ந்து, ஒரு குழாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, இவரைப் பார்த்து முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். ககுங்கு வந்து மிசாகோவின் ஈரத் தோளை அழுத்தி அந்த இடத்தில் உட்காரவைத்தார். ஒரு குழாயைக் கையில் திணித்தார்.

"இந்த அடக்கமெல்லாம் எங்ககிட்ட வேணாம் சம்பந்தி! பொண்ணோட அப்பா ஒரு சொட்டுகூடத் தொடாதவர்னு எவனோ ஒரு பாவி புரளி கிளப்பிவிட்டதாலதான் எங்க அண்ணன் ரெண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டார்!"